யார் கணக்கில் சிக்கனம்?

சிக்கனம் நல்லதா, கெட்டதா என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். 'இதென்ன கேள்வி சார், நல்லதுதான்!' அறையை விட்டு வெளியே வரும்போது ஃபேனை அணைப்பவரையும், பல் தேய்க்கும்போது குழாயை மூடுபவரையும் யார் குறை சொல்ல முடியும்? ஆனால், உங்கள் மேஜைமேல் இருக்கிற லேப்டாப்புக்குள் ஒரு சிக்கனக்காரர் குடியிருக்கிறார். அவருடைய கதையைத் தெரிந்துகொண்ட பிறகு, இந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கத் தோன்றும்.

அறிகுறிகள் உங்களுக்குப் பழக்கமானவைதான். வைஃபை சிக்னல் முழுசாகக் காட்டும். பத்து நிமிடம் எதையோ படித்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்த பக்கத்தைத் தட்டினால், சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆபீஸ் வீடியோ மீட்டிங்கில் எதிரே இருப்பவர் பாதி வாயைத் திறந்தபடி சிலையாக நிற்பார். 'ஹலோ... கேக்குதா? இப்ப கேக்குதா?' அரை நிமிடம் கழித்து, எதுவுமே நடக்காத மாதிரி எல்லாம் திரும்ப ஓடும்.

நாம் என்ன செய்வோம்? மோடத்தை அணைத்துப் போடுவோம். இணைய கம்பெனிக்கு போன் போடுவோம். 'சார், எங்க சைடுல எல்லாம் கரெக்டா இருக்கு' என்பார்கள். நாம் நம்ப மாட்டோம். அடுத்த அறையில் பையன் ஏதோ டவுன்லோடு போட்டிருக்கிறான் என்று அவன்மேல் பாய்வோம். அவன், 'நான் ஒண்ணுமே பண்ணலப்பா' என்பான். அதையும் நம்ப மாட்டோம்.

பல நேரங்களில் இவர்கள் எல்லோரும் நிரபராதிகள். லேப்டாப்பில் இருக்கும் நெட்வொர்க் கார்டு தூங்கப் போயிருக்கும். தூங்கச் சொன்னது, அதை இயக்கும் டிரைவர் என்கிற மென்பொருள். காரணம், மின்சார சிக்கனம்!

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதற்குக் கீழே உங்கள் கார்டின் பெயரில் ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸ் போய், பவர் மேனேஜ்மென்ட் என்ற பக்கத்தைப் பாருங்கள். மின்சாரத்தைச் சேமிப்பதற்காக இந்தச் சாதனத்தை அணைத்துவிடக் கம்ப்யூட்டருக்கு அனுமதி தருகிறேன் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். பெரும்பாலும் அதில் டிக் அடித்திருக்கும். அனுமதி தருகிறேன் என்று உங்கள் சார்பில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. போட்டது நீங்கள் இல்லை.

சிலர் அந்த டிக்கை எடுத்துவிடுவார்கள். பிரச்னை தீர்ந்ததும், 'அப்பாடா' என்று வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நாம் அங்கேதான் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறோம்.

முதலில் அந்தத் தூக்கத்துக்கு நியாயம் செய்துவிடுவோம். அது சோம்பேறித் தூக்கம் இல்லை. வைஃபைக்கான முதல் தொழில்நுட்ப விதிமுறை 1997-ல் வந்தபோதே இந்தத் தூக்கத்துக்கும் அதில் இடம் இருந்தது. ஏற்பாடு அழகானது. தெருக்கோடியில் ஒரு தபால் ஆபீஸ். நீங்கள் வீட்டில் படுத்துத் தூங்கலாம். உங்களுக்கு வரும் கடிதங்களைத் தபால் ஆபீஸே எடுத்து வைத்துக்கொள்ளும். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை, யார் யாருக்குக் கடிதம் வந்திருக்கிறது என்று ஒரு பட்டியலை உரக்கப் படிக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் கண் விழித்தால் போதும். உங்கள் பேர் இருந்தால் போய் வாங்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் திரும்பவும் தூங்கலாம். வைஃபை ரவுட்டர்தான் தபால் ஆபீஸ். பட்டியல் படிப்பது வழக்கமாக நொடிக்குச் சுமார் பத்து தடவை.

கேபிள் வழியாக வரும் நெட்வொர்க்குக்கும் இதே போன்ற ஒரு சிக்கன விதிமுறை 2010-ல் வந்தது. தகவல் எதுவும் போகாதபோது சிக்னல் அனுப்பும் பகுதி தூங்கும். வேலை வந்தால் எழுந்துகொள்ளும். எழுந்திருக்க ஆகும் நேரம், ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டுகளாக வெட்டினால் அதில் சில பத்துத் துண்டுகள்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் காலையில் இப்படி எழுந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால், கார்டைச் செய்வது ஒரு கம்பெனி. மதர்போர்டு இன்னொரு கம்பெனி. ரவுட்டர் மூன்றாவது. டிரைவரை எழுதுபவர் வேறு யாரோ. ஒருவர் 'தூங்கு' என்று சொல்லும் விதமும், இன்னொருவர் 'எழுந்திரு' என்று சொல்லும் விதமும் மயிரிழை பிசகினால் போதும், தூங்கினது எழுந்திருக்காது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். 'நாங்கள் விதிமுறைப்படிதான் செய்தோம்' என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம்.

பெரிய இடங்களிலேயே இது நடந்திருக்கிறது. இன்டெல் நிறுவனத்தின் 82574 என்ற நெட்வொர்க் சிப், சர்வர் மதர்போர்டுகளில் பரவலாக இருந்த ஒன்று. சிப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே இருக்கும் இணைப்பை அவ்வப்போது தூங்க வைக்கும் சிக்கன ஏற்பாட்டால் இதில் தொல்லை வந்தது. லினக்ஸில் இந்தச் சிப்புக்கான டிரைவரில் ஒரு வகைத் தூக்கத்தை ஏற்கெனவே தடுத்து வைத்திருந்தார்கள். இன்னொரு வகையைக் குறிப்பிட்ட சூழ்நிலையில் மட்டும் தடுத்திருந்தார்கள். 2012-ல், எந்தச் சூழ்நிலையிலும் அது வேண்டாம் என்று அதையும் மூடினார்கள். கவனியுங்கள்... சிக்கனமே வேண்டாம் என்று எல்லாச் சிப்புகளுக்கும் சேர்த்து மூடவில்லை. எது எழுந்திருக்கவில்லையோ, அதன் பேரைச் சொல்லி மூடினார்கள். இந்த விஷயத்தைப் பிறகு பார்ப்போம்.

நான் படித்தது பி.காம். என்பதால், எதையும் கணக்குப் போட்டுப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. ஒரு நெட்வொர்க் கார்டு இப்படித் தூங்கி எழுவதால் மிச்சமாவது ஒரு வாட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இரவும் பகலும் வருஷம் முழுக்க மிச்சம் பிடித்தால், 8,760 மணி நேரம். எட்டே முக்கால் யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று போட்டாலும் வருஷத்துக்கு எழுபது ரூபாய்தான். இந்த எழுபது ரூபாய்க்காகவா மீட்டிங்கில் இத்தனை 'ஹலோ' என்று எரிச்சல் வரலாம்.

இருங்கள். அதே கணக்கை, கம்ப்யூட்டரை வடிவமைக்கும் இன்ஜினீயர் நாற்காலியில் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். அவர் செய்வது ஒரு கம்ப்யூட்டருக்கு இல்லை. ஒரு கோடி கம்ப்யூட்டருக்கு என்றால், பத்து மெகாவாட். வருஷத்துக்கு எட்டே முக்கால் கோடி யூனிட். அவ்வளவு நிலக்கரி எரியாது, அவ்வளவு புகை எழாது. 1992-ல் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு எனர்ஜி ஸ்டார் முத்திரையை ஆரம்பித்தபோது, முதலில் எடுத்துக்கொண்டதே கம்ப்யூட்டரையும் மானிட்டரையும்தான். சும்மா இருக்கும்போது கரன்ட் குடிக்காதே என்று கேட்டது நியாயமான கோரிக்கை. ஆகவே, இன்ஜினீயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அவர் கணக்கு தப்பில்லை.

அப்படியென்றால் கோளாறு எங்கே?

பேரேட்டில்! வரவு எழுதும் பக்கமும் பற்று எழுதும் பக்கமும் ஒரே ஆளுடையதாக இல்லை. மிச்சமான மின்சாரத்தை மீட்டர் வைத்து அளக்கலாம். லேப்டாப் பெட்டியின்மேல் 'பேட்டரி இத்தனை மணி நேரம்' என்று கொட்டை எழுத்தில் போடலாம். அதைப் பார்த்து நாலு பேர் வாங்குவார்கள். ஆனால், அறுந்துபோன பேச்சை அளக்க எந்த மீட்டர் இருக்கிறது? பாதியில் நின்ற ஆன்லைன் பரீட்சையை எந்தப் பெட்டியின்மேல் போடுவார்கள்? அளக்க முடிந்த லாபம் ஒருவர் கணக்கில் ஏறுகிறது. அளக்க முடியாத நஷ்டம் இன்னொருவர் தலையில் விடிகிறது.

பொருளாதாரத்தில் இது பழைய பாடம். ஆர்தர் பிகூ என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1920-ல் எழுதிய புத்தகத்தில் ரயில் இன்ஜின் தீப்பொறியை உதாரணம் காட்டியிருப்பார். ஓடும் இன்ஜினிலிருந்து தெறிக்கும் பொறி, பாதையோரக் காட்டைக் கருக்கிவிடுகிறது. டிக்கெட் காசு ரயில்வே கம்பெனிக்கு. எரிந்த மரம் காட்டுக்காரருக்கு. நஷ்டஈடு கொடுக்க வேண்டியதில்லை என்றால், கம்பெனியின் வரவு செலவில் அந்த மரம் வரவே வராது. கம்பெனிக்காரர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் பார்க்கிற நோட்டில் அந்தப் பக்கம் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால், நம் லேப்டாப் சிக்கனக்காரர் ரயில் இன்ஜினைவிட ஒருபடி மேலே போகிறார். தீப்பொறி விழுந்தால் புகை வரும், யார் வேலை என்று தெரியும். இவர் சத்தமே போடுவதில்லை. 'நான் தூங்கிவிட்டேன், மன்னிக்கவும்' என்று திரையில் ஒரு வரி வராது. எனவே, பழி வேறு யார்மீதோ விழுகிறது.

இதைத்தான் நான் பெரிய சேதம் என்று நினைக்கிறேன். ஒரு காட்சியை யோசித்துப் பாருங்கள். சின்ன ஊரிலிருந்து ஒரு பெண் ஆன்லைனில் இன்டர்வியூ கொடுக்கிறாள். கேள்வி கேட்கிறார்கள். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுகிறது. நாற்பது நொடி கழித்துத் திரும்ப வந்து, 'சாரி சார், நெட் போயிடுச்சு' என்கிறாள். எதிரே மூன்று பேர். ஒருவர் உதட்டோரம் சின்னதாகச் சிரிக்கிறார். பதில் தெரியவில்லை, கூகுள் பண்ணப் போயிருக்கிறாள் என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். அவளிடம் சாட்சி கிடையாது. அவள் சொல்வது நிஜம். ஆனால், பொய் சொல்கிறவர்களும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். தன் லேப்டாப்தான் தன்னைக் காட்டிக்கொடுத்தது என்று அவளுக்கே தெரியாது. எங்கோ ஒருவர் மிச்சம் பிடித்த ஒரு வாட்டுக்கான பில், இங்கே ஒருத்தியின் நாணயத்தில் கழிக்கப்படுகிறது.

'மெஷினுக்கு ஏது சார் தர்மம், நியாயம் எல்லாம்?' என்று கேட்பீர்கள். மெஷினுக்கு இல்லைதான். டிக் போட்டு அனுப்பிய மனிதர்களுக்கு உண்டு. கம்பெனி எதை முன்கூட்டியே டிக் போட்டு அனுப்புகிறதோ, பெரும்பாலோர் கடைசி வரைக்கும் அதை அப்படியே வைத்திருப்பார்கள். ரிச்சர்ட் தேலரும் காஸ் சன்ஸ்டீனும் 2008-ல் வெளியிட்ட 'நட்ஜ்' புத்தகத்தில் இதைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார்கள். தேலருக்கு 2017-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசும் கிடைத்தது. 'வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாமே, நாங்களா தடுத்தோம்?' என்று கம்பெனி சொல்லலாம். நாலு கதவு தாண்டி, உள்ளறையில், கடைசி அலமாரியில் வைத்திருக்கும் சுதந்திரம் அது. அங்கே அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவருக்கு அது இருந்தென்ன, இல்லாமல் போனால் என்ன?

கம்ப்யூட்டரை விட்டுக் கொஞ்சம் வெளியே வருவோம். நாற்பது வீடு இருக்கிற ஒரு அபார்ட்மென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் லிஃப்டை நிறுத்திவிடலாம் என்று அசோசியேஷன் முடிவு செய்கிறது. மாதம் இரண்டாயிரம் ரூபாய் மிச்சம். வீட்டுக்கு ஐம்பது ரூபாய். எல்லோரும் கை தட்டுகிறார்கள். மூன்றாவது மாடியில் முழங்கால் வலியோடு ஒரு பாட்டி இருக்கிறார். அவர் மகள் நைட் ஷிஃப்ட் நர்ஸ். அவர்கள் மீட்டிங்குக்கு வரவில்லை. பாட்டிக்கு நடு ராத்திரி நெஞ்சு வலித்தால் என்ன ஆகும் என்பது மினிட்ஸ் புத்தகத்தில் எங்கும் இல்லை.

அதற்காக ராத்திரி முழுக்க லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தூங்கட்டும். பாட்டி பட்டனைத் தட்டினால் எழுந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அது எழுந்திருக்காது என்றால், அதன் சாவியைப் பாட்டி வீட்டில் கொடுத்து வைக்க வேண்டும். அதுவும் முடியாது என்றால், அந்த ஐம்பது ரூபாயை மிச்சம் பிடிக்க நமக்கு உரிமை இல்லை.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. சில வேலைகளில், காத்திருப்பதே வேலை. ராத்திரி வாட்ச்மேன் ஒரு வருஷத்தில் ஒரு திருடனைக்கூடப் பிடித்திருக்க மாட்டார். 'அப்போ இத்தனை ராத்திரியும் சும்மாதானே இருந்தார்?' என்று கேட்பவருக்கு வாட்ச்மேன் வேலை என்றால் என்னவென்றே தெரியவில்லை. தீயணைப்பு நிலையத்தில் வண்டி நின்றுகொண்டிருக்கிறதே, அது வீணா? தமிழ்நாட்டில் 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. அழைப்பு வராத நேரத்தில் ஓரமாக நிற்கும் வண்டி, நமக்காகத்தான் நிற்கிறது. நெட்வொர்க் கார்டும் அந்த ஜாதிதான். தகவல் வராத நேரத்தில் அது சும்மா இல்லை, காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. 'போக்குவரத்து இல்லை, ஆகவே வேலை இல்லை' என்று கணக்கெடுக்கும் சிக்கனம், காத்திருத்தலை வேலையாகவே மதிக்கவில்லை. ஆபீஸ்களிலும் ஆட்குறைப்பு வரும்போது முதலில் கண்ணில் படுகிறவர் இப்படிக் காத்திருக்கிறவர்தான். அவர் போன பிறகு ஒருநாள் மணி அடிக்கும், எடுக்க ஆள் இருக்காது.

நம் வீடுகளில் இன்னொரு வகை சிக்கனமும் உண்டு. 'நீங்க சாப்பிடுங்க, எனக்குப் பசிக்கல' என்று கடைசி தோசையை நம் தட்டில் வைக்கும் அம்மாவின் சிக்கனம். அதுவும் சத்தம் போடாத சிக்கனம்தான். ஆனால், பற்று எழுதுவது தன் கணக்கில். அதனால்தான் அதைத் தியாகம் என்கிறோம். (அதுவே தினமும் நடந்து, வீட்டில் யாரும் ஒருநாள்கூடக் கேட்கவில்லை என்றால், அது தியாகம் இல்லை, நம் அநியாயம். அது தனிக் கட்டுரை.) தன் வயிற்றில் கை வைக்கும் சிக்கனத்தையும், அடுத்தவர் வயிற்றில் கை வைக்கும் சிக்கனத்தையும் ஒரே பேரில் அழைப்பதில்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது.

ஆகவே, ஒரு சிக்கனம் நியாயமானதா என்று பார்க்க எனக்குத் தெரிந்து மூன்று கேள்விகள் போதும். நஷ்டம் வந்தால் யார் கணக்கில் எழுதப்படும்? அவரிடம் முன்கூட்டியே சொன்னோமா? வேண்டாம் என்றால் அவரே நிறுத்திக்கொள்ள வழி வைத்திருக்கிறோமா? மூன்றுக்கும் நேர்மையான பதில் இருந்தால் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். பேட்டரியில் ஓடும் லேப்டாப்பில், ரயிலில் போகும்போது, கார்டு தூங்கி எழுவது உங்களுக்கு லாபம்தான். நஷ்டம் வந்தாலும் லாபம் வந்தாலும் உங்களுக்கே. அதே லேப்டாப் வீட்டில் பிளக்கில் செருகியிருக்கிறது, நாளைக்குப் பிள்ளைக்கு ஆன்லைன் பரீட்சை, கார்டு அடிக்கடி தூங்கித் தொலைக்கிறது என்றால், தயங்காமல் அந்த டிக்கை எடுங்கள். எழுபது ரூபாய் செலவானால் ஆகட்டும். குற்ற உணர்ச்சி வேண்டாம். அந்த ஒரு வாட்டை ஆளில்லாத அறையில் எரியும் ஒரு பல்பை அணைத்து ஈடுகட்டிவிடலாம்.

லினக்ஸ்காரர்கள் செய்ததும் இதுதான். சிக்கனத்தை ஒழிக்கவில்லை. தூங்கினால் எழாத இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே மட்டும் தூக்கத்தை நிறுத்தினார்கள். மற்றவை வழக்கம்போலத் தூங்கி எழுந்துகொண்டிருக்கின்றன.

நடைமுறைக்கு இரண்டு விஷயம். சில புது லேப்டாப்களில் நான் சொன்ன அந்தப் பவர் மேனேஜ்மென்ட் பக்கமே இருக்காது. அப்போது அதே பிராபர்ட்டீஸில் அட்வான்ஸ்டு என்ற பக்கத்தைப் பாருங்கள். எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் என்பது போன்ற பெயர்களில் சிக்கன ஏற்பாடுகள் அங்கே இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நாலு நாள் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். இரண்டாவது, புது டிரைவர் அப்டேட் வரும்போது நீங்கள் எடுத்த டிக் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்வதும் உண்டு. பிரச்னை மறுபடி தலைகாட்டினால் பையனைத் திட்டுவதற்கு முன்னால் அந்தக் கட்டத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கிலோ ஆபீஸ் மீட்டிங்கிலோ யாராவது எழுந்து, 'இதை நிறுத்திட்டா மாசம் இவ்வளவு மிச்சம்' என்று ஆரம்பித்தால், நல்ல யோசனை என்றே சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஒரு கேள்வியும் கேளுங்கள். 'இதனால யாருக்குக் கஷ்டம்? அவங்க இந்த மீட்டிங்குக்கு வந்திருக்காங்களா?'